க்ஷேத்ரய்யா: முவ்வ கோபாலனைப் பாடிய பதகர்த்தா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்ஷேத்ரய்யா யார்?

17-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் பதங்கள், அதாவது பெரும்பாலும் தலைவி பேசுவதாக அமைந்த மெதுவான காதல் பாட்டுகள், இயற்றிய வாக்கேயகாரர் அவர். பாட்டின் சொல்லும் மெட்டும் ஒருவருடையவையாகவே இருந்ததால் அவரைக் கவிஞர் என்று மட்டுமோ இசைவாணர் என்று மட்டுமோ சொல்லிவிட முடியாது. மதுரை, தஞ்சாவூர், கோல்கொண்டா ஆகிய மூன்று அரசவைகள் அவரைச் சிறப்பித்தன. தமிழ்நாட்டுச் சங்கீத மேடைகளிலும் பழைய அச்சுப் புத்தகங்களிலும் அவர் பெயர் ‘க்ஷேத்ரக்ஞர்’ என்றும் வழங்கும். பரதநாட்டியக் கச்சேரியில் வர்ணம் முடிந்து, ஆடுபவர் ஓரிடத்தில் அமர்ந்து கண்ணாலும் கையாலும் மட்டுமே ஒரு தெலுங்குப் பாட்டுக்கு அபிநயம் பிடிப்பதைப் பார்த்திருப்பவர்கள், பெயர் தெரியாமலேயே அவரைச் சந்தித்திருக்க வாய்ப்பு உண்டு.

அவருடைய காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

அவரைப் போற்றிய மன்னர்களின் ஆட்சிக் காலத்தைக் கொண்டுதான். மதுரைத் திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டார். தஞ்சை விஜயராகவ நாயக்கர் 1673-இல் போரில் இறந்தார். கோல்கொண்டா பாதுஷா என்று க்ஷேத்ரய்யா குறிப்பிடுபவர் 1626 முதல் 1672 வரை ஆண்ட அப்துல்லா குதுப் ஷா என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே அவர் பாடிக்கொண்டிருந்த காலம் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதி என்பதில் ஐயமில்லை.

அவருடைய ஊர் எது? இயற்பெயர் என்ன?

ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் கூச்சிப்பூடிக்கு அருகிலுள்ள மொவ்வா என்ற ஊரை அவருடைய பிறப்பிடமாக மரபு சொல்கிறது. அவ்வூர்க் கோயிலில் உறையும் வேணுகோபால சுவாமியே பதங்களில் வரும் ‘முவ்வ கோபாலன்’ என்பார்கள். தெலுங்கில் ‘முவ்வ’ என்பதற்குச் சலங்கை மணி என்ற பொருளும் இருப்பதால், ஊர்ப்பெயரைச் சொல்லும்போதே காலில் மணி குலுங்கும் கோபாலனும் கண்முன் வந்து நிற்கிறான். பாட்டு யாருடையது என்று காட்டும் முத்திரைச் சொல்லை வைப்பதில் இப்படி ஒரு நயம் வாய்ப்பது அரிது. இயற்பெயர் வரதய்யா என்பது வழக்கு. திருத்தலந்தோறும் சென்று பாடியதால் க்ஷேத்ரய்யா என்ற பெயர் நிலைத்தது என்று விளக்கம் சொல்வார்கள். காஞ்சி வரதரையும் ஸ்ரீரங்கத்து அரங்கனையும் விளித்த பதங்கள் இருப்பது இந்த விளக்கத்துக்குப் பொருந்துகிறது. ‘க்ஷேத்ரக்ஞன்’ என்ற சொல்லுக்கோ பகவத் கீதையின் 13-ஆம் அத்தியாயத்தில் உடலாகிய நிலத்தை அறிந்தவன் என்ற தத்துவப் பொருள் உண்டு.

மோகனாங்கி என்ற தாசியின் காதலால்தான் அவர் கவியானார் என்பது உண்மையா?

அது கர்ணபரம்பரைக் கதை. மாடு மேய்க்கும் இளைஞன் கோயில் தாசி ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். கோபாலனைப் புகழ்ந்து பாடினால்தான் உன்னை ஏற்பேன் என்று அவள் சொல்ல, அவன் கோபாலனருளால் பாடத் தொடங்கிப் பாட்டிலேயே கரைந்து போகிறான். ‘ஸ்ரீபதி சுது’ என்று தொடங்கும் ஆனந்தபைரவிப் பதமே அவர் பாடிய முதற்பதம் என்றும் இக்கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். பதங்களை வைத்து வாழ்க்கையைப் புனையும் இத்தகைய கதைகளை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் கதை ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறது: இந்தப் பாட்டுகள் ஒரு பெண் கேட்டு, ஒரு பெண்ணின் வாயில் வைப்பதற்காகவே உண்டானவை என்பதை அது மறைக்கவில்லை.

அவர் வாழ்க்கையைப் பற்றி அவரே ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

ஒரே ஒரு பதத்தில் சொல்லியிருக்கிறார். ‘வேடுகதோ நடசுகொன்ன’ என்று தொடங்கும் தேவகாந்தாரி ராகப் பதம் அது. ‘மேருவ பதம்’ என்று அதைக் குறிப்பிடுவார்கள். மதுரைத் திருமலை மன்னருக்காக 2000 பதங்கள், தஞ்சை விஜயராகவருக்காக 1000 பதங்கள், கோல்கொண்டா பாதுஷாவுக்காக 1500 பதங்கள் என்று அதில் கணக்கு வருகிறது. மொத்தம் 4500. இன்று நம் கைக்கு எட்டியிருப்பவை சில நூறுகளே, அதாவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. புலவர்கள் எண்ணிக்கை சொல்லும்போது சற்றுத் தாராளமாக இருப்பது வழக்கம்தான் என்று தள்ளுபடி செய்துகொண்டாலும், இழந்தது மிகுதி என்பது மாறாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தம்மைப் பற்றிச் சொல்லும் இந்த இடத்திலும் அவர் நேராக ‘நான்’ என்று பேசவில்லை. பெருமை முழுவதையும் முவ்வ கோபாலன் மேல் ஏற்றிப் பெண் ஒருத்தி பேசுவதாகவே பாட்டு அமைந்திருக்கிறது.

அவர் பாடிய தஞ்சை அவை எப்படிப்பட்டது?

தென்னிந்திய இசை வரலாற்றில் அப்படி ஓர் அவை வேறெங்கும் எளிதில் அமையவில்லை. 1532-இல் சேவப்ப நாயக்கரோடு தொடங்கிய தஞ்சை நாயக்க மரபில், இரகுநாத நாயக்கர் தாமே கவிஞர், வீணை வல்லுநர். அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதர். இரகுநாதரின் அவையில்தான் இராமபத்ராம்பா என்ற பெண் சமஸ்கிருதத்தில் காவியம் செய்தார். இரகுநாதருக்குப் பின் மகன் விஜயராகவர் பட்டத்துக்கு வந்தார். அவரும் தெலுங்கில் யட்சகானங்கள் என்னும் இசை நாடகங்கள் எழுதியவர். மன்னார்குடி இராஜகோபாலனின் அடியவர் என்பதால் ‘மன்னாருதாசர்’ என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். அவருடைய அவைக் கவிஞர் பசுபுலேடி ரங்காஜம்மா மன்னனையே தலைவனாக்கி நாடகம் எழுதினார். கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி இதே விஜயராகவரின் ஆதரவில்தான் ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’ என்ற இசையிலக்கண நூலை எழுதி, பின்னாளில் 72 மேளகர்த்தா என்று நாம் படிக்கும் தாய் ராகத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

ஒரு பக்கம் ராகங்களைக் கணக்குப் போட்டு அட்டவணையாக்கும் இலட்சணக்காரர். மறுபக்கம் அதே ராகங்களைப் பெண்ணின் பெருமூச்சாக்கும் பதகர்த்தா. இருவருக்கும் படியளந்தவர் ஒரே மன்னர். வேங்கடமகியின் அட்டவணையில் இடம் தேடித் திண்டாட வேண்டிய சில ராகப் பிடிகள் க்ஷேத்ரய்யா பதங்களில் கவலையில்லாமல் உலவுகின்றன என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதுண்டு.

தமிழ் நிலத்து அவைகளில் தெலுங்குக்கு எப்படி அவ்வளவு இடம் கிடைத்தது?

விஜயநகரப் பேரரசின் ஆளுநர்களாக வந்தவர்கள்தாம் மதுரையிலும் தஞ்சையிலும் நாயக்க அரசர்களானார்கள். அவர்களோடு தெலுங்கு அவைமொழியாக வந்தது. 1676-இல் ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றி மராட்டியர் ஆட்சி ஏற்பட்ட பிறகும் அந்த இடம் பறிபோகவில்லை. மராட்டிய மன்னர் சாகஜியே தெலுங்கில் பதங்களும் ‘பல்லகி சேவாப் பிரபந்தம்’ என்ற இசை நாடகமும் இயற்றினார். தியாகராஜர் திருவையாற்றில் இருந்துகொண்டு தெலுங்கில் பாடியதற்கும் இந்த நீண்ட பழக்கமே பின்புலம்.

பதம் என்றால் என்ன? கீர்த்தனையிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

உறுப்புகளைப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. பல்லவி, அனுபல்லவி, பெரும்பாலும் மூன்று சரணங்கள். வேறுபாடு முழுவதும் நடையிலும் பேசுபவரிலும் இருக்கிறது. கீர்த்தனையில் பக்தன் கடவுளிடம் பேசுகிறான். பதத்தில் தலைவி தலைவனிடமோ தோழியிடமோ பேசுகிறாள். சில பதங்களில் தோழி பேசுகிறாள். மிகச் சிலவற்றில் தலைவன் பேசுகிறான். நடை சௌக்க காலம், அதாவது மிக மெதுவான கதி. தாளம் பெரும்பாலும் ஏழு அட்சரம் கொண்ட திரிபுடை அல்லது மிச்ர சாபு. ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடும் சங்கதிகளை அடுக்கி வித்தை காட்டுவதற்கு அதில் இடமில்லை. ஒரு சொல்லை இழுத்து நிறுத்தி, அந்தச் சொல்லுக்குள் ராகம் தானாக விரியும்படி விடுவதுதான் பதம் பாடும் முறை. சில பதங்களை அனுபல்லவியில் தொடங்கிப் பிறகு பல்லவிக்கு வரும் வழக்கமும் உண்டு. பேச்சின் நடுவில் நாம் போய் நுழைந்துவிட்டது போன்ற ஓர் உணர்வை அது தரும்.

தெலுங்கு தெரியாதவருக்குப் புரியும்படி ஒரு பதத்தை விளக்க முடியுமா?

இரண்டை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது சுருட்டி ராகத்தில் ‘இந்தெந்து வச்சிதிவிரா’. வேறொருத்தியிடம் இருந்துவிட்டுத் தாமதமாக வாசலில் வந்து நிற்கும் தலைவனைப் பார்த்து இவள் கேட்கிறாள்: இங்கே எதற்காக வந்தாய்? அவளுடைய வீடு இதுவன்று, வழி தவறிவிட்டாய் போலிருக்கிறது. கோபம் முழுவதும் உபசாரமான குரலில் வருகிறது; கதவைச் சாத்தவில்லை, வழி சொல்லி அனுப்பப் பார்க்கிறாள். ‘வச்சிதிவி’ என்றால் ‘வந்தாய்’. அதன் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ரா’ நம்முடைய ‘டா’வுக்கு நேரானது. முவ்வ கோபாலன் கடவுளாயிருந்தாலும் அவனை ‘டா’ போட்டுத்தான் விசாரிக்கிறாள். அந்த ஓரெழுத்தில் உரிமையும் உண்டு, ஏளனமும் உண்டு. அபிநயம் பிடிப்பவர் அந்த ‘ரா’வில் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதைப் பொறுத்து முழுப் பதத்தின் சுவையும் மாறிவிடும். சங்க இலக்கியத்தின் மருதத் திணையில் பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனுக்கு வாயில் மறுக்கும் தலைவியைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகவே இராது.

இரண்டாவது சஹானா ராகத்தில் ‘மகடொச்சி பிலிசேடு’. பேசுபவள் மணமானவள், முவ்வ கோபாலனோ அவள் கணவன் அல்லன். கணவன் வந்து கூப்பிடுகிறான், ‘வெள்ளி வச்செதா’ என்று அவள் கோபாலனிடம் விடைபெறுகிறாள். ‘வெள்ளி’ என்றால் ‘போய்’, ‘வச்செதா’ என்றால் ‘வருகிறேன்’. தமிழைப் போலவே தெலுங்கிலும் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘போய் வருகிறேன்’ என்பதே மரியாதை. தினமும் ஆயிரம் பேர் சொல்லும் இந்தச் சொற்றொடர், கணவனின் அழைப்புக்கும் காதலனின் கட்டிலுக்கும் நடுவில் நிற்பவள் வாயில் வரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். அது வெறும் உபசாரமா, திரும்பி வருவேன் என்ற உறுதியா, இனி வரவே முடியாது என்று தெரிந்தும் சொல்லும் பொய்யா? க்ஷேத்ரய்யா சொல்லவில்லை. சஹானா அந்த ஐயத்தை அப்படியே ஏந்திக்கொண்டு நிற்கிறது. அகராதியில் தேடினால் அகப்படாத நுட்பம் இது. வீட்டுப் பேச்சில்தான் அகப்படும்.

தோழியைப் பார்த்து ‘வீணாக வாயாடாதே, போய்விடு’ என்று சீறும் ‘வதரக போபோவே’ (காம்போதி), ‘அவன் கோபித்துக்கொண்டால் அதுவும் என் பாக்கியம்தான்’ என்று உதட்டைச் சுழிக்கும் ‘அலிகிதே பாக்யமாயெ’ (உசேனி), ‘யாரடி அவன்’ என்று வியக்கும் ‘எவ்வடே வாடு’ (சங்கராபரணம்) ஆகியவையும் இப்படிப் பேச்சிலிருந்து அப்படியே எடுத்தவைபோல் தொடங்குபவை.

‘வதரக போபோவே’ பதத்தை அவைப் புலவர்களால் முடிக்க முடியவில்லை என்ற கதை என்ன?

பொறாமை கொண்ட அவைப் புலவர்கள் இவருடைய பதங்களில் என்ன பெரிய சிறப்பு என்று முணுமுணுத்தார்களாம். க்ஷேத்ரய்யா இந்தப் பதத்தின் கடைசி அடிகளைப் பாடாமல் விட்டுவிட்டு, தாம் யாத்திரை போய்த் திரும்புவதற்குள் முடித்துவையுங்கள் என்று சொல்லிக் கிளம்பினாராம். திரும்பி வந்தபோது ஒருவரும் முடித்திருக்கவில்லை. இதுவும் செவிவழிக் கதைதான்.

இவை பக்திப் பாடல்களா, சிற்றின்பப் பாடல்களா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. வழக்கமாகத் தரப்படும் விடை, தலைவி ஜீவாத்மா, தலைவன் பரமாத்மா, எல்லாம் மதுர பக்தி என்பதாகும். அந்த விளக்கத்துக்கு மரபில் இடமில்லாமல் இல்லை. ஆண்டாளும் நம்மாழ்வாரும் அப்படித்தானே பாடினார்கள். ஆனால் க்ஷேத்ரய்யாவை முழுவதும் அந்தப் பெட்டிக்குள் அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய தலைவிகளில் பலர் கணிகையர். பொருள் தந்தாயா என்று கேட்பார்கள், பேரம் பேசுவார்கள், வேறொருத்தியின் நகக்குறியைச் சுட்டிக்காட்டுவார்கள். ஏ. கே. ராமானுஜன், வேல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன் ஆகிய மூவரும் 1994-இல் இப்பதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, இங்கே கடவுளே கணிகையின் வாடிக்கையாளராக வருகிறான் என்பதை ஒளிக்காமல் தலைப்பிலேயே வைத்தார்கள். கோயிலில் இறைவனுக்குச் செய்யும் உபசாரங்கள் அரண்மனையில் மன்னனுக்கும் நடந்த நாயக்கர் காலத்தில், கடவுள், அரசன், காசு தரும் ஆடவன் என்ற மூவருக்கும் இடையே இருந்த கோடு மிக மெலிந்துவிட்டிருந்தது. விஜயராகவரின் பெயரை ஏற்றிப் பாடிய பதங்களும் க்ஷேத்ரய்யாவிடம் உண்டு என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உருவகம் என்று சொல்லி உடலை அகற்றிவிட்டால் பாட்டில் மிஞ்சுவது குறைவே.

அவரை அன்னமாச்சாரியாரோடு ஒப்பிடலாமா?

திருப்பதி அன்னமாச்சாரியார் (1408–1503) இவருக்கு முன்னோடி. சிருங்கார சங்கீர்த்தனங்கள் அவரும் ஏராளமாகப் பாடினார். அவை கோயிலைச் சார்ந்தவை. செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலையில் பத்திரமாக இருந்தன. க்ஷேத்ரய்யாவுக்குச் செப்பேடு வாய்க்கவில்லை.

அப்படியானால் பதங்கள் எப்படிப் பிழைத்தன?

பெண்களின் தொண்டையில் பிழைத்தன. அவைகள் அழிந்தன, ஏடுகள் சிதறின. தேவதாசி மரபில் வந்த குடும்பங்களும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நட்டுவனார்களும் பதங்களைப் பாடாந்தரமாக, அதாவது வாய்வழியே சொல்லிக்கொடுத்து, காத்தார்கள். 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யில் சில பதங்கள் சுரப்படுத்தப்பட்டு அச்சேறின. பின்னர் விஸ்ஸா அப்பாராவ் போன்றோர் சாகித்தியங்களை, அதாவது பாட்டு வரிகளை, தேடித் தொகுத்தார்கள். ஆனால் சௌக்க காலத்தில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு எப்படி வழுக்கிப் போவது என்பதை எந்தக் குறியீடும் முழுமையாகப் பிடித்துத் தராது.

இவ்விடத்தில் வீணை தனம்மாளைச் (1867–1938) சொல்லாமல் மேலே போக முடியாது. தஞ்சை அரண்மனையோடு தொடர்புள்ள குடும்பத்தில் வந்தவர். பாலதாஸ் நாயுடு என்ற பார்வையற்ற இசைவாணரிடமிருந்து க்ஷேத்ரய்யா பதங்களைக் கற்றார். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணையை வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் அவர் பாடுவதைக் கேட்க, பெரிய வித்வான்கள் வந்து அமர்ந்திருப்பார்கள். அவருடைய பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அந்தப் பாணியை அப்படியே குரலில் ஏந்தினார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி (1918–1984), தாயார் ஜெயம்மாள் பாட, அதே பதங்களை அபிநயத்தில் காட்டினார். தெலுங்குக் கவிஞரின் பாட்டு, தமிழ் பேசும் ஒரு குடும்பத்துப் பெண்களிடம், சென்னையின் ஒரு சிறிய கூடத்தில் தங்கி உயிர் பிழைத்தது என்பதே இந்த வரலாறு முழுவதிலும் என்னை மிகவும் நிறுத்தி வைக்கும் செய்தி. ஆந்திரத்திலும் கலாவந்துலு எனப்பட்ட ஆடல்பாடல் மரபுக் குடும்பங்கள் தம் வழியில் பதங்களைக் காத்து வந்தன.

இன்றைய கச்சேரிகளில் ஏன் அரிதாகவே கேட்கக் கிடைக்கின்றன?

ஒரு காரணம் வெட்கம். 1890-களில் சென்னை மாகாணத்தில் சூடு பிடித்த நாட்டிய எதிர்ப்பு இயக்கத்திலிருந்து, 1947-இல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுத்த சட்டம் வரை, தேவதாசி முறையின் மேல் விழுந்த கண்டனம் அவர்கள் பாடிய பாட்டின் மேலும் விழுந்தது. முறை ஒழிந்தது நியாயமே. பாட்டையும் சேர்த்துக் குற்றக்கூண்டில் ஏற்றியது நியாயமன்று. நாட்டியம் நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் வந்தபோது பல பதங்கள் பெண்பிள்ளைகளுக்கு ஆகாதவை என்று ஒதுக்கப்பட்டன. சிலவற்றில் சரணங்கள் விடப்பட்டன. பாலசரஸ்வதி இதை ஏற்கவில்லை. 1975-இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றியபோது, பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையைக் கோயிலுக்கு ஒப்பிட்டார்: கச்சேரியைத் தொடங்கிவைக்கும் அலாரிப்பு கோபுரம், அதன்பின் மண்டபங்கள், பதமோ கர்ப்பக்கிருகத்தின் அமைதி. சிருங்காரத்தைத் தூய்மைப்படுத்த வேண்டிய தேவையே இல்லை என்பது அவருடைய உறுதியான கருத்து.

இன்னொரு காரணம் வெறும் கடினம். மெதுவான பாட்டில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. மூச்சு, சுருதி, சொல் மூன்றில் எது தடுமாறினாலும் உடனே தெரிந்துவிடும். அதனால் கச்சேரியில் தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனத்துக்குப் பின்வரும், சிறு பாட்டுகளுக்கான துக்கடாப் பகுதியில் ஒன்று வைத்தால் உண்டு.

தமிழ்ப் பதங்களின் மேல் அவருடைய செல்வாக்கு உண்டா?

உண்டு. கனம் கிருஷ்ணையரும் வைத்தீஸ்வரன்கோயில் சுப்பராமையரும் தமிழில் இயற்றிய பதங்களில் காணும் சௌக்க நடையும், தலைவி தோழியிடம் பேசும் அமைப்பும், ராகத்தைச் சொல்லுக்குள் கரைக்கும் முறையும் க்ஷேத்ரய்யா வகுத்த வழியில் வருபவை. சுப்பராமையரின் பதங்களில் தலைவன் முருகனாகிவிடுகிறான். ஊடல் அதே ஊடல்தான்.

முதன்முறையாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

பிருந்தா, முக்தா இருவரும் சேர்ந்து பாடிய நாதநாமக்கிரியை ராகப் பதமான ‘பய்யெத’விலிருந்து தொடங்கலாம். முதலில் சாகித்தியத்தின் பொருளை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. தெலுங்கு தெரிந்த அண்டை வீட்டார் இருந்தால் அவர்களிடமே கேட்கலாம், ஆனால் சில வரிகளுக்கு அவர்கள் சிரித்து மழுப்பக்கூடும். பழைய ஒலிப்பதிவுகளில் இரைச்சல் இருக்கும், குரல் தாழ்ந்திருக்கும். ஒலியைக் கூட்டிவிடாமல், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பல்லவி இரண்டாம் முறை திரும்பி வரும்போது அதே சொல் சற்று வேறாகப் படும்.